சொல்லுக்குப் பொருள் எங்கிருந்து வருகிறது?
மொழியறிஞர் பெர்டினாண்ட் டி சசூரின் வாழ்க்கை

நமது சங்கத்தின் ஆண்டு விழா மலரில் ஆண்டுதோறும் பெரியோர் ஒருவரின் வரலாறு இடம்பெறுவது வழக்கம். கவிஞர், வீரர், தொண்டர் எனப் பலரை இம்மலர் போற்றியுள்ளது. இவ்வாண்டு கட்டுரை எழுதும் பொறுப்பு, பள்ளியிறுதி வரை மட்டுமே பயின்று இரயில்வே அலுவலகத்தில் எழுத்தராகப் பணிபுரியும் அடியேனிடம் வந்து சேர்ந்தது. நான் தேர்ந்துகொண்டவர் நம் நாட்டவர் அல்லர். நம் மொழியும் அறிந்தவர் அல்லர். எனினும், அவரை நாடிச் செல்லுமாறு என்னைத் தூண்டியது நம் காலனியிலே, என் இல்லத்திலே நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்ச்சி.

சென்ற கோடையில், ஊருக்குப் புறப்படுவதற்கு முதல் நாள், என் இளைய மகள் தொலைபேசியில் தன் பாட்டியிடம், தாங்கள் நேற்று வண்டி ஏறப் போவதாக உற்சாகத்துடன் கூறினாள். மறுமுனையில் பாட்டி சிரித்தார். இங்கே நாங்களும் சிரித்தோம். குழந்தையோ அழுதுவிட்டாள். அவள் படிக்கும் பள்ளியில் பேசப்படும் இந்தி மொழியில், கழிந்த நாளுக்கும் வரும் நாளுக்கும் ‘கல்’ என்னும் ஒரே சொல்தான். அந்த ஒன்றைத் தமிழிலே இரண்டாகப் பிரிக்க வேண்டும் என்பது அவள் உள்ளத்தில் இன்னும் படியவில்லை. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. குழந்தை சொல்லை அறிந்திருந்தாள், பொருளைத்தான் தவறவிட்டாள். அவ்வாறாயின், பொருள் என்பது யாது? அது சொல்லுக்குள் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா? இவ்வினாவுக்கு விடை தேடியே தம் வாழ்நாளைக் கழித்தவர் ஒருவர் உண்டு என்பதைப் பின்னர் அறிந்தேன். அவரே பெர்டினாண்ட் டி சசூர்.

பிறப்பும் குடும்பமும்

ஸ்விட்ஸர்லாந்து நாட்டின் ஜெனீவா நகரில் 1857 ஆம் ஆண்டு நவம்பர் 26 ஆம் நாள் சசூர் பிறந்தார். செல்வமும் கல்வியும் ஒருங்கே விளங்கிய குடும்பம் அவருடையது. முப்பாட்டனார் ஹொராஸ் பெனடிக்ட் டி சசூர், ஆல்ப்ஸ் மலையின் உச்சியான மான்ட் பிளாங்க் சிகரத்தில் 1787 இல் ஏறி, அங்கே அறிவியல் அளவைகள் எடுத்துத் திரும்பியவர். தந்தையார் ஹென்றி டி சசூர் பூச்சிகளை ஆராய்ந்து வகைப்படுத்திய இயற்கையறிஞர். மலையை அளந்த முன்னோரும் பூச்சியை வகுத்த தந்தையும் வாழ்ந்த குலத்திலே தோன்றிய சிறுவன், சொல்லை அளக்கவும் வகுக்கவும் முற்பட்டதில் வியப்பில்லை. பள்ளிச் சிறுவனாக இருக்கும்போதே, மொழிகள் பற்றிய கட்டுரை ஒன்றை எழுதி, குடும்ப நண்பரான மொழியறிஞர் அடால்ப் பிக்டே என்பவரிடம் அவர் சமர்ப்பித்தார்.

குடும்ப வழக்கத்தை ஒட்டி 1875 இல் ஜெனீவாப் பல்கலைக்கழகத்தில் பௌதிகமும் இரசாயனமும் கற்கச் சேர்ந்தார். ஓராண்டிலேயே மனம் மாறியது. 1876 இல் ஜெர்மனியின் லைப்சிக் நகருக்குச் சென்றார். அக்காலத்தில் மொழிகளை ஒப்பிட்டு ஆராயும் கலைக்குத் தலைநகராக விளங்கியது அந்நகரமே.

மறைந்த ஒலியைக் கண்ட இளைஞர்

வடமொழி, கிரேக்கம், இலத்தீன் முதலியவை ஒரு தாய்மொழியிலிருந்து கிளைத்தவை என்பதை அறிஞர்கள் அதற்கு முன்னரே நிறுவியிருந்தனர். அம்மூல மொழியின் உயிரொலிகளைப் பற்றிய பெருநூல் ஒன்றைச் சசூர் 1878 டிசம்பரில் வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 21. மகள்மொழிகளின் உயிரொலி மாற்றங்களை நுணுகி ஆராய்ந்த அவர், மூல மொழியில் சில ஒலிகள் இருந்திருக்க வேண்டும் என்றும், அன்று அறியப்பட்டிருந்த எம்மொழியிலும் அவை எஞ்சவில்லை என்றும் முடிவு கண்டார். அவ்வொலிகளைக் கேட்டவர் இல்லை. எழுத்தில் கண்டவரும் இல்லை.

இதனை நம் தொழிலிலிருந்தே ஓர் உவமையால் விளக்கலாம். ஒற்றைப் பாதையில் உள்ள சிறு நிலையம் ஒன்றிலே, பயணிகள் ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. ஆயினும் நாள்தோறும் ஒரு வண்டி பத்து நிமிடம் நிற்கும்படி அட்டவணை வகுக்கப்பட்டுள்ளது என்று வைத்துக்கொள்வோம். அதைப் பார்க்கும் அனுபவமிக்க எழுத்தர், எதிர்த்திசையில் இன்னொரு வண்டி அங்கே கடந்து செல்கிறது என்று ஊகிப்பார். அவ்வண்டியை அவர் கண்ணால் கண்டதில்லை. மற்ற வண்டிகள் ஒதுங்கி நிற்கும் முறையே அதனைக் காட்டிக் கொடுக்கிறது. சசூர் கண்டதும் அத்தகைய ஊகமே.

பல அறிஞர் அதனை ஏற்கவில்லை. ஆண்டுகள் உருண்டன. துருக்கி நாட்டு மண்ணிலிருந்து தோண்டியெடுக்கப்பட்ட களிமண் பலகைகளில் இருந்த ஹிட்டைட்டு மொழியை 1915 இல் ஹ்ரோஸ்னி என்பவர் படித்தறிந்தார். சசூர் ஊகித்த இடங்களிலே அம்மொழியில் ஓர் ஒலி நிற்பதைப் போலந்து நாட்டறிஞர் குரிலோவிச் 1927 இல் எடுத்துக்காட்டினார். தம் சொல் மெய்யானதைக் காணச் சசூர் அப்போது உயிருடன் இல்லை.

பாரிஸும் ஜெனீவாவும்

வடமொழியில் ஆறாம் வேற்றுமையின் ஒரு தனி வழக்கைப் பற்றிய ஆராய்ச்சிக்காக, 1880 இல் லைப்சிக்கில் டாக்டர் பட்டம் பெற்றார் சசூர். அடுத்துப் பாரிஸ் சென்று, 1881 முதல் பத்தாண்டுகள் உயர்கல்வி நிலையம் ஒன்றில் பண்டைய ஜெர்மானிய மொழிகளையும் பிறவற்றையும் கற்பித்தார். பிற்காலத்தில் பெரும்புகழ் எய்திய அந்துவான் மெயே அவரிடம் பயின்றவரே. பிரெஞ்சு அரசு விருதளித்துச் சிறப்பித்தது. எனினும் தாய்நகரின் அழைப்பை ஏற்று 1891 இல் ஜெனீவா திரும்பினார். அடுத்த ஆண்டு மேரி ஃபேஷ் என்னும் மங்கையை மணந்தார். ஜெனீவாவில் வடமொழியும் ஒப்பிலக்கணமும் கற்பித்து வந்தார்.

அக்காலத்து நிகழ்ந்த சுவையான செய்தி ஒன்று. ஜெனீவாவில் ஆவியுலகத் தொடர்பு உடையவராகக் கூறிக்கொண்ட பெண்மணி ஒருவர், முற்பிறவியில் தாம் இந்தியாவின் கன்னட நாட்டில் ஓர் அரசனின் மனைவியாக இருந்ததாகச் சொல்லி, மயக்க நிலையில் இந்திய மொழி எனத் தோன்றும் சொற்களைப் பேசலானார். உளவியல் பேராசிரியர் புளூர்னாய் என்பவர் சசூரை அழைத்து அப்பேச்சை ஆராயச் செய்தார். சசூர் ஏளனம் செய்யவில்லை. பொறுமையுடன் கேட்டுக் குறித்துக்கொண்டார். அது வடமொழி அன்று என்றும், இடையிடையே வடமொழியை ஒத்த துணுக்குகள் மட்டும் உள்ளன என்றும் தெரிவித்தார். எதனையும் ஆராயாது தள்ளாத உள்ளம் அவருடையது.

ஆனால் அவ்வறிஞரைப் பற்றியிருந்த துன்பம் ஒன்றுண்டு. எழுத முடியாமை! இருபத்தொரு வயதில் பெருநூல் தந்தவர், பின்னர்ச் சிறு கட்டுரைகளோடு நின்றுவிட்டார். 1894 இல் மெயேக்கு எழுதிய கடிதத்தில், மொழியைப் பற்றிப் பொருத்தமாகப் பத்து வரி எழுதுவதும் தமக்கு இயலாதிருப்பதாக மனம் வெதும்பினார். அவ்வாண்டு மறைந்த அமெரிக்க வடமொழி அறிஞர் விட்னியைப் பற்றிப் புகழுரை எழுதத் தொடங்கினார். பக்கம் பக்கமாக வரைந்தும் அதனை முடித்தாரில்லை. காரணம் சோம்பல் அன்று. மொழியைப் பற்றிப் பேச வழங்கிவந்த கலைச்சொற்கள் எல்லாமே குழப்பம் உடையவை என்று அவர் கருதினார். அளவுகோலே கோணியிருக்கத் துணியை அளப்பது எங்ஙனம்?

மூன்று வகுப்புத் தொடர்கள்

1906 இன் இறுதியில் பொது மொழியியல் கற்பிக்கும் பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1907, 1908–09, 1910–11 என மூன்று முறை அப்பாடத்தை நடத்தினார். கேட்டவர் சில மாணவரே. அச்சிறு கூட்டத்தின் முன் அவர் விரித்த கருத்துகளே, பின்னாளில் அமைப்பியல் எனப் பெயர் பெற்று உலகெங்கும் பரவின. அவற்றுள் முதன்மையான மூன்றை இயன்றவரை எளிமையாகக் கூறுகிறேன்.

முதலாவது, சொல்லின் ஒலிவடிவுக்கும் அது உணர்த்தும் கருத்துக்கும் இயற்கையான தொடர்பு எதுவும் இல்லை என்பது. ஒலிவடிவைக் குறிப்பான் என்றும், கருத்தைக் குறிப்பீடு என்றும் தமிழில் வழங்குகின்றனர். ஒரு தாளின் இரு பக்கங்களைப் போல அவை பிரியாதவை. ஆயினும் அவற்றை இணைத்தது சமுதாய வழக்கே. ‘கல்’ என்னும் ஒலி நமக்குப் பாறைத் துண்டு. படி என்னும் ஏவல். பக்கத்து வீட்டாருக்கோ ஏறத்தாழ அதே ஒலி நேற்றும் நாளையும் ஆகிறது. நன்னூலில் இடுகுறிப்பெயர் என்று நாம் பள்ளியில் படித்ததை இங்கே நினைவு கூரலாம். சொற்பொருளின் காரணம் எளிதில் புலப்படாது எனத் தொல்காப்பியரும் உரைத்துள்ளார். எல்லாச் சொல்லும் ஒரே அளவில் இடுகுறி அல்ல என்பதையும் சசூர் மறக்கவில்லை. ‘பத்து’ என்பதற்குக் காரணம் கூற இயலாது. ‘பதினாறு’ என்பதற்கோ, பத்தும் ஆறும் சேர்ந்தது என ஓரளவு கூறலாம் அல்லவா?

இரண்டாவது, மொழியில் உள்ளவை வேறுபாடுகளே என்பது. ஒரு சொல் தன்னந்தனியே பொருள் தருவதில்லை. பக்கத்தில் நிற்கும் சொற்களால் எல்லை கட்டப்பட்டே தருகிறது. ஆங்கிலத்தில் ‘ரைஸ்’ என்னும் ஒரு சொல், வயலில் நிற்பதற்கும் மூட்டையில் இருப்பதற்கும் இலையில் விழுவதற்கும் பொதுவாக நிற்கிறது. தமிழிலோ ஒருபுறம் ‘நெல்’லும் மறுபுறம் ‘சோறு’ம் நெருக்குவதால், ‘அரிசி’யின் எல்லை குறுகியது. ஆகவே அரிசியும் ரைஸும் ஒரே பொருளைச் சுட்ட வல்லவை என்றாலும் ஒரே மதிப்புடையவை அல்ல. ஒலிகளின் நிலையும் இதுவே. வால், வாள், வாழ் என்னும் மூன்றும் நமக்கு வேறு வேறு. நம் அண்டை வீட்டார் பலருக்கு அவை ஒன்றாகவே கேட்கும். அவர்களுக்கு உணவைக் குறிக்கும் சொல்லும் பாட்டைக் குறிக்கும் சொல்லும் முதலொலியால் வேறு. நாமோ இரண்டையும் ‘கானா’ என்றே எழுதுவோம்.

இவ்விடத்தில் சசூர் காட்டிய எடுத்துக்காட்டு இரயில்வே ஊழியருக்கு உவகை தருவது. ஜெனீவாவிலிருந்து பாரிஸுக்கு இரவு 8.45 மணிக்குப் புறப்படும் விரைவு வண்டியை அவர் குறிப்பிட்டார். இன்று புறப்படும் வண்டியும் நாளை புறப்படும் வண்டியும் ஒன்றே என்கிறோம். எஞ்சின் வேறாகலாம், பெட்டிகள் வேறாகலாம், ஊழியரும் வேறாகலாம். பின் எது ஒன்று? புறப்படும் நேரமும் செல்லும் வழியும், பிற வண்டிகளிலிருந்து அதனைப் பிரித்துக் காட்டும் இடமுமே. நம் நிலையத்திலும் பனிக்காலத்தில் ஒரு வண்டி பன்னிரண்டு மணி நேரம் தாமதமாக வந்தாலும் அதன் எண்ணும் பெயரும் மாறுவதில்லை அன்றோ? இருபதாண்டுகளாக நான் நாள்தோறும் கையாண்ட உண்மையை, ஜெனீவாவில் இருந்த பேராசிரியர் எனக்கு விளக்கினார்! சதுரங்கத்தையும் அவர் உவமையாக்கினார். குதிரை தொலைந்தால் ஒரு பொத்தானை வைத்தும் ஆடலாம். ஆட்டத்தில் அதற்குரிய இடமே அதனைக் குதிரையாக்குகிறது.

மூன்றாவது, மொழியமைப்பு வேறு, தனிமனிதரின் பேச்சு வேறு என்பது. பேச்சு ஒவ்வொருவருடையது. மொழியமைப்போ எவர் ஒருவரிடத்தும் முழுமையாக இல்லை; பேசும் மக்கள் கூட்டத்தினிடமே அது நிறைவாக உள்ளது. தனி ஒருவர் அதனைப் படைக்கவும் இயலாது; மாற்றவும் இயலாது.

மறைவும் மறுபிறப்பும்

1912 இல் சசூர் நோயுற்றார். 1913 பிப்ரவரி 22 ஆம் நாள் தம் ஐம்பத்தைந்தாம் வயதில் காலமானார். அவருடைய உடன் ஆசிரியர்களான சார்லஸ் பாலியும் ஆல்பர்ட் செஷஹேயும் அவர் இல்லத்தில் பாடக் குறிப்புகளைத் தேடினர். கிடைத்தவை மிகச் சிலவே. பாடம் முடிந்ததும் வரைவுகளைக் கிழித்தெறிவது ஆசிரியரின் வழக்கமாம். அவ்விருவரும் அவ்வகுப்புகளில் அமர்ந்து கேட்டவரும் அல்லர். ஆயினும் தளராது, மாணவர்களின் குறிப்பேடுகளைத் திரட்டி, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, மாணவர் ரீட்லிங்கரின் துணையுடன் 1916 இல் பொது மொழியியற் பாடம் என்னும் நூலை வெளியிட்டனர். ஆசிரியர் எழுதாத நூல் ஆசிரியர் பெயரால் நிலைபெற்றது! 1996 இல் ஜெனீவாவில் அவர் குடும்ப மாளிகையைச் சார்ந்த கட்டடம் ஒன்றில் அவர் கையால் எழுதிய தாள்கள் கண்டெடுக்கப்பட்டு, 2002 இல் அச்சேறின.

அந்நூல் விதைத்த விதை பெருமரமாயிற்று. ரோமன் யாக்கப்சன் முதலியோர் அதனை ஒலியியலில் வளர்த்தனர். 1940 களில் நியூயார்க்கில் யாக்கப்சனைச் சந்தித்த லெவி ஸ்ட்ராஸ், உறவுமுறைகளையும் புராணக் கதைகளையும் அவ்வாறே வேறுபாடுகளின் அமைப்பாக ஆராய்ந்தார். ரோலன் பார்த் உடை, உணவு, விளம்பரம் ஆகியவற்றிலும் அம்முறையைக் கையாண்டார்.

பின்னர் வந்தது பின் அமைப்பியல். 1930 இல் அல்ஜீரியாவில் பிறந்த ழாக் டெரிடா, 1967 இல் வெளியிட்ட நூல்களில், சசூரின் கொள்கையைக் கொண்டே சசூரை வினவினார். பொருள் வேறுபாட்டால் மட்டுமே பிறக்குமாயின், அது எங்கே போய் நிலைகொள்ளும்? அகராதியில் ஒரு சொல்லுக்குப் பொருள் தேடினால் வேறு சொற்கள் கிடைக்கின்றன. அவற்றுக்குத் தேடினால் இன்னும் வேறு சொற்கள். சந்திப்பு நிலையம் தோறும் வண்டி மாறிக்கொண்டே போகும் பயணியைப் போலப் பொருள் மேலும் மேலும் தள்ளிப்போகிறது. இறுதி நிலையம் எதுவும் இல்லை. வேறுபடுதல், தள்ளிப்போதல் ஆகிய இரண்டையும் ஒருங்கே சுட்ட, பிரெஞ்சுச் சொல் ஒன்றில் ஓர் எழுத்தை மாற்றி அவர் புதுச்சொல் படைத்தார். அம்மாற்றம் காதுக்குக் கேட்பதில்லை, கண்ணுக்கே தெரியும். எழுத்தைப் பேச்சுக்குக் கீழாக வைத்த சசூருக்கு அதுவே அவர் தந்த மறுமொழி.

இதுவும் நமக்கு அயலானதன்று. ‘ஊர்’ என்னும் சொல்லை எண்ணுங்கள். இங்கே வந்த புதிதில் ஊர் என்றால் தாமிரபரணிக் கரையோ காவிரிக் கரையோதான். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு அது கோடை விடுமுறையில் போய் வரும் இடம். ஓய்வு பெற்று அங்கே குடியேறிய நண்பர் ஒருவரோ, இப்போது கடிதத்தில் எங்கள் ஊர் எப்படியிருக்கிறது என்று கேட்பது இந்தக் காலனியை! சொல் ஒன்றே, பொருளோ இன்னும் ஓய்ந்து அமரவில்லை.

நமக்குரிய பாடம்

அமைப்பியலார் பொருளை அட்டவணையில் உள்ள இடமாகக் கண்டனர். பின் அமைப்பியலார் அவ்வட்டவணை ஒருபோதும் முற்றுப்பெறாது எனக் கண்டனர். இருவரும் ஒப்புவது ஒன்று: எச்சொல்லும் தனித்து வாழாது.

என் மகளின் பிழைக்கு வருவோம். ‘நேற்று’ என்னும் சொல்லை அவளுக்கு நாங்கள் கற்பித்திருந்தோம். அதன் அருகே ‘நாளை’யை நிறுத்தி, இரண்டுக்கும் இடையே உள்ள வரப்பை அவள் நாள்தோறும் நடந்து பழகுமாறு செய்யவில்லை. அவ்வரப்பு பெற்றோர் இருவரின் நாவில் மட்டும் இருந்தால் போதாது. பலர் பேசும் கூட்டத்தில்தான் அது உயிரோடு இருக்கும். தமிழ் நம்முள் எவர் ஒருவர் வீட்டிலும் முழுமையாக இல்லை. நெல்லைத் தமிழ் ஒரு வீட்டில், தஞ்சைத் தமிழ் ஒரு வீட்டில், கொங்குத் தமிழ் ஒரு வீட்டில் என்று சிதறிக் கிடப்பவை கூடும்போதே அது நிறைவுறுகிறது. ஞாயிறுதோறும் நம் சங்கக் கூடத்தில் நடக்கும் தமிழ் வகுப்புக்கு அவள் இப்போது தவறாது செல்கிறாள். அங்கே கற்பதைவிட, வகுப்பு முடிந்து மற்றப் பிள்ளைகளோடு தமிழிலே சண்டையிட்டு வருவதே அவளுக்குப் பெரும்பயன் தருவதாக எனக்குத் தோன்றுகிறது.

சசூர் தம் கையால் அந்நூலை எழுதவில்லை. கேட்ட சிலர் கருத்தூன்றிக் கேட்டு, குறித்துவைத்து, கூடியிருந்து தொகுத்தமையால் அவர் இன்றும் வாழ்கிறார். மொழியும் அவ்வாறே பேசுவோராலும் கேட்போராலும் வாழ்கிறது. அடுத்த கோடையில் என் மகள் பாட்டியிடம் தொலைபேசியில் பேசும்போது, நாளை வருகிறோம் என்று சொல்வாள். அந்த ‘நாளை’க்குப் பொருள் தந்தவர்களுள் இம்மலரைப் படிக்கும் நீங்கள் ஒவ்வொருவரும் அடங்குவீர்கள்.